சாவிக்கொத்துச் சோதனை

காரில் பாட்டுக் கேட்பது என்று முன்பு ஒரு வழக்கம் இருந்தது. வண்டியில் இருப்பவர் கேட்பார், பிடிக்காவிட்டால் நிறுத்திவிடுவார், வெளியே இருப்பவருக்கு அதில் பங்கு கிடையாது. இந்தச் சுயநலத்தைப் பொறுக்க முடியாமல், ஒரு வண்டியில் பாடுவதைத் தெரு முழுக்கக் கேட்டே தீர வேண்டும் என்று ஆக்கிய புண்ணியவான்களில் டமாரமும் ஒருவர். பெற்றவர்கள் அவருக்கு வேறு பெயர்தான் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி விசாரித்தால் கடைக்கு நேர் எதிரே இருப்பவர்கூட உதட்டைப் பிதுக்குவார். டமாரம் என்றால் உடனே கை காட்டுவார். பல நேரம் யாரும் கை காட்டவும் தேவையிருக்காது. எந்தப் பக்கம் போகப் போக நெஞ்சுக்கூடு அதிர்கிறதோ அந்தப் பக்கமாக நடந்தால் கடை வந்துவிடும்.

கடைக்கு இடப்பக்கம் டயர்க் கடை, வலப்பக்கம் மருந்துக் கடை. டமாரம் ஒரு வண்டியைச் சோதித்துப் பார்க்கும்போது மருந்துக் கடை அலமாரியில் இருமல் மருந்துப் புட்டிகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு விளிம்புக்கு நகர்ந்து வரும். மருந்துக்கடைக்காரர் விளிம்பில் ஒரு ரப்பர்ப் பட்டையை ஒட்டிக்கொண்டாரே தவிர, ஒருநாளும் சண்டைக்கு வரவில்லை. தலைவலி மாத்திரை அந்தத் தெருவில் விற்பதுபோல் வேறெங்கும் விற்பதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

வேலையில் டமாரத்தைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். வண்டி உள்ளே வந்ததும் சீட்டுகளைக் கழற்றிச் சுவரோரம் அடுக்குவார். கதவுகளின் உள்பலகையை உரித்து, தகரம் கடகடக்காமல் இருக்கக் கருப்பு ஷீட்டை வெட்டி வெட்டி ஒட்டி, ஒரு உருளைக் கட்டையால் நீவிவிடுவார். தரைவிரிப்புக்கு அடியில் விரல் தடிமனுக்கு வயர் ஓடும். பிளைவுட்டை அறுத்துப் பசை போட்டு அவரே செய்த பெட்டியில் அடிச்சத்தத்துக்கான இரண்டு ஊஃபர்கள் ஏறி டிக்கியில் உட்காரும். அதற்குப் பிறகு அந்த டிக்கியில் ஒரு பை வைக்க முடியாது. மாற்று டயருக்கும் இடமில்லை. நடுவழியில் பஞ்சரானால் பாட்டுக் கேட்டபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். காசு கொடுத்து மாட்டிக்கொள்கிறவர்கள் இதையெல்லாம் கேள்வி கேட்பதில்லை. கேட்டாலும் அந்தச் சத்தத்தில் யாருக்குக் காதில் விழப்போகிறது?

மாட்டி முடித்ததும் இரண்டு சோதனை. முதலாவது கண்ணாடிச் சோதனை. ஜன்னல்களை ஏற்றிவிட்டு, சத்தத்தை முழுக்கத் திருகி, பின்னால் வருவதைக் காட்டும் கண்ணாடியைப் பார்ப்பார். பின்னால் நிற்கும் ஒரு வண்டி அதில் இரண்டாகத் தெரிந்தால் பேஸ் என்கிற அடிச்சத்தம் சரி. ஓட்டுகிறவருக்குப் பின்னால் வருவது ஒன்றா இரண்டா என்றே புரியாதே என்று யாரோ ஒருமுறை கேட்டார்கள். "பின்னாடி வர்றவன் இந்தப் பாட்டைக் கேட்டா அவனே ஒதுங்கிப் போயிருவான்" என்றார் டமாரம். சாலைப் பாதுகாப்பைப் பற்றி அவர் அதிகபட்சம் யோசித்தது அவ்வளவுதான்.

இரண்டாவது சோதனைதான் அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது. இடுப்பில் தொங்கும் சாவிக்கொத்தைக் கழற்றிக் காதுக்குப் பக்கத்தில் ஒரு குலுக்குக் குலுக்குவார். அந்தக் 'கிணிங்' காதில் நிற்கும்போதே பாட்டை ஓடவிட்டு, ஈக்வலைசரில் மெல்லிய, கூர்மையான சத்தங்களுக்கான குமிழ்களை ஏற்றிக்கொண்டே போவார். டிரம்ஸில் பித்தளைத் தட்டு அடிக்கும் சத்தமும் சாவிக்கொத்தும் ஒன்றுபோல் ஒலிக்கிற இடத்தில் கை நிற்கும். அதற்கு 'மாஸ்டர் செட்டிங்' என்று பெயர். "மெஷின் கிடையாது, மீட்டர் கிடையாது. எல்லாம் இதுதான்" என்று காதைத் தொட்டுக் காட்டுவார். அந்தக் காதை நம்பி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வண்டிகள் வந்தன.

சில வருடங்களுக்கு முன்பு சாவிக்கொத்தில் ஒரு கோளாறு கண்டார். எப்படிக் குலுக்கினாலும் பழைய கிணிங் வரவில்லை. சாவிகள் தேய்ந்துவிட்டன என்று முடிவு கட்டினார். தேய்ந்தது எது என்று வேறு யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். டமாரம் பூட்டுக் கடைக்குப் போய் நான்கைந்து எஃகுச் சாவிகளை வாங்கி வந்து வளையத்தில் கோத்தார். சத்தம் திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் அதுவும் மங்கியது. இன்னும் பெரிய சாவிகளாக வாங்கினார். அந்தச் சாவிகளுக்கான பூட்டுகள் எந்தக் கதவில் தொங்குகின்றன என்று கடவுளுக்குத்தான் தெரியும். கொத்து பெருத்து, அதன் கனத்தில் பேண்ட் ஒரு பக்கமாக இறங்கி, அவர் லேசாகச் சாய்ந்தே நடக்கத் தொடங்கினார். சாவி ஏற ஏற மாஸ்டர் செட்டிங்கும் கூர்மையாகிக்கொண்டே போனது.

கல்லாவில் உட்காரும் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, ஒருநாள் தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"மாமா, பாட்டு காதுல ஊசி ஏத்துற மாதிரி இருக்கு."

"அதுக்குப் பேர்தான்டா கிளாரிட்டி. உனக்கு எப்பவுமே மட்டமான காது."

மைத்துனன் கல்லாவுக்குத் திரும்பினான். அக்காள் புருஷனிடம் சம்பளம் வாங்குகிறவனுக்கு மட்டமான காது இருப்பதுதான் நல்லது.

பிறகு விசில் வந்தது. காரில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரின் சத்தம் ஸ்பீக்கருக்குள் கசிந்தால் 'ஈ...' என்று ஒரு மெல்லிய விசில் கேட்கும். எர்த் வயரைச் சரியாகப் போட்டால் போய்விடும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த சமாசாரம். ஆனால் டமாரம் மாட்டுகிற ஒவ்வொரு வண்டியிலும் இப்போது அந்த விசில் கேட்டது. ஒரு டாக்சிக்காரரின் வண்டியில் எர்த் வயரை மூன்று இடம் மாற்றினார். டாக்சிக்காரர் நின்று நின்று கால் கடுத்து, "மாஸ்டர், எனக்கு ஒரு விசிலும் கேக்கலையே" என்றார்.

"உங்க காது இன்னும் பழகல. எனக்கு நல்லாக் கேக்குது."

அதில் பொய் இல்லை. அவருக்கு நன்றாகவே கேட்டது. வண்டியை அணைத்த பிறகும் கேட்டது. மனசில் நின்றுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டிலும் ஒரு கண்டுபிடிப்புச் செய்திருந்தார். உலகத்தில் உள்ளவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தில் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள். மனைவி முணுமுணுத்தாள், டிவியில் செய்தி படிக்கிறவர் முணுமுணுத்தார், போனில் பேசுகிறவர்கள் எல்லோரும் வாயில் எதையோ அதக்கிக்கொண்டு பேசினார்கள். எதற்கெடுத்தாலும் அவர் "ஆங்?" என்றார். டிவியின் சத்தம் ஏறி ஏறி, மேல்மாடி வீட்டுக்காரர் தன் டிவியை விற்றுவிட்டு இவர்களுடையதையே கேட்டுக்கொள்கிறார் என்று மனைவி சொல்வாள். டயர்க் கடையில் வேலை செய்கிறவர்கள் டமாரம் என்ற பெயருக்குப் பின்னால் இன்னொரு சொல்லையும் சேர்த்துக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை.

அவருக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மென்மையாகப் பேசுகிற பெண். இந்த வீட்டில் பிறந்து எப்படி அப்படி வளர்ந்தாள் என்பது இன்றுவரை புரியாத விஷயம். சம்பளத்தைச் சேர்த்துப் பழைய சின்னக் கார் ஒன்று வாங்கினாள். அப்பாவிடம் வந்து நின்றாள்.

"அப்பா, போன் பேசுறதுக்கு மட்டும் சின்னதா ரெண்டு ஸ்பீக்கர் போட்டுக் குடுங்கப்பா. போதும்."

டமாரத்தின் மகள் காரில் சின்னதாக இரண்டு ஸ்பீக்கரா? அப்புறம் கடையை இழுத்து மூட வேண்டியதுதான். ஒரு வாரம் வேறு வண்டி எடுக்காமல் உழைத்தார். கடையில் இருந்ததிலேயே பெரிய ஆம்ப்ளிபயர், டிக்கி நிறைய ஊஃபர், எல்லாவற்றுக்கும் மேலாக டேஷ்போர்டின் நடுவில் ஓட்டுகிறவர் முகத்தைப் பார்த்தபடி, கூர்மையான சத்தத்துக்கென்றே ஒரு தனி ட்வீட்டர். "இது ஊர்ல எந்த வண்டியிலயும் கிடையாது. பாப்பாவுக்குன்னே வச்சேன்" என்றார். மகள் அந்த ட்வீட்டரைப் பார்த்தாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், "சூப்பரா இருக்குப்பா" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வேறு எதுவும் சொல்ல யாருக்கும் மனசு வந்திருக்காது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் உண்டானது. காலையில் அவள் பாட்டே இல்லாமல் வேலைக்குப் போவாள். சாயங்காலம் கடைத் தெருவின் முனை திரும்பும்போது ஜன்னல்களை ஏற்றிப் பாட்டைப் போடுவாள். கடை வாசலில் நிற்கும் டமாரம் தலையை நிமிர்த்தி, "பாப்பா வந்தாச்சு" என்று தெருவுக்கே அறிவிப்பார். வாடிக்கையாளர் யாராவது இருந்தால் அவர்களையும் உள்ளே உட்காரவைத்துக் காட்டுவார். பிறகு மகளோடு அதே வண்டியில் வீட்டுக்குப் போவார், பாட்டோடுதான், ஜன்னல் கண்ணாடி ஏற்றியபடிதான். இறக்கினால் பேஸ் வெளியே ஓடிவிடுமாம்.

முதலில் பாதிச் சத்தத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒருநாள் அவர், "என்னம்மா, இன்னிக்குப் பாட்டுப் போடாமலே வந்துட்ட?" என்றார். அவள் போட்டுத்தான் வந்திருந்தாள். மறுநாள் கொஞ்சம் கூட்டினாள். சில மாதங்களில் அதுவும் போதவில்லை, இன்னும் கூட்டினாள். மாஸ்டர் செட்டிங்கையும் அவர் அவ்வப்போது திருத்தி ஏற்றிக்கொண்டிருந்தார். அப்பா வாசலில் ஏமாந்து நிற்கக் கூடாதே என்பது மட்டும்தான் அந்தப் பெண்ணுக்கு. வேறொன்றும் அவளுக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் வண்டியில் ஏறி உட்கார்ந்தவர் மகளின் காதில் வெள்ளையாக என்னவோ தெரிவதைக் கவனித்தார். பஞ்சு. இரண்டு காதிலும் பரிசோதனைக் கூடத்துப் பஞ்சு. அவருக்கு மூஞ்சி விழுந்துவிட்டது. ஒரு சமையல்காரர் தன் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சாப்பிடுவதைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தார். தட்டில் போட்டதைத் தள்ளிவைத்தார். "அப்பன் வச்ச பாட்டு காதுக்கு ஆகாதுன்னு பஞ்சு வச்சுக்கிறா. வெளியில நாலு பேரு பார்த்தா என் தொழில் என்னத்துக்காகும்?" என்று மனைவியிடம் கத்தினார். மறுநாள் மகள் பஞ்சு இல்லாமல் வந்தாள். டமாரமும் சமாதானமாகி, அன்றைக்கு இன்னும் ஒரு புள்ளி கூட்டி வைத்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுத்த சோதனைக் குழாய்களைச் சுழற்றும் மெஷின் வேலை முடிந்து 'பீப்' அடித்துக்கொண்டே இருக்க, அவள் பக்கத்திலேயே நின்று வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். மேலதிகாரி வந்து மெஷினை நிறுத்தி, நான்கு பேர் முன்னால் கண்டபடி பேசிவிட்டார். அவளுக்கு அந்த பீப் கேட்கவே இல்லை. அதற்குப் பதில் காதுக்குள் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தது, ராத்திரி தூங்கவிடாமல். அம்மாவிடம் சொல்லி அழுதாள். இந்த வேலைக்கு முக்கியம் கண்ணும் கையும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். காது போனால் வேலை போகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

காது ஆஸ்பத்திரிக்கு அம்மாவும் மகளும் கிளம்பியபோது டமாரமும் கடையை மைத்துனனிடம் விட்டுவிட்டுக் கிளம்பினார்.

"காதைப் பத்தி எனக்குத் தெரியாததையா அவங்க சொல்லப் போறாங்க? நானும் வரேன்."

சோதனை அறைக்குள் இன்னொரு சின்ன அறை இருந்தது. சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சுப் பலகை, ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், வெளியே பார்க்க ஒரு கண்ணாடி ஜன்னல். டமாரம் சுவரைத் தட்டிப் பார்த்தார். "நம்ம கடையில ஒட்டுறதுதான். மூலையில பிசிறு விட்டிருக்கான்" என்று மனைவியிடம் சொன்னார். சோதனை செய்யும் பெண் கேட்டும் கேளாததுபோல் இருந்தாள்.

மகள் உள்ளே உட்கார்ந்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருந்த பொத்தானை அழுத்த வேண்டும். முடிந்து வெளியே வந்ததும் சோதனைக்காரப் பெண் நிதானமாகக் கேட்டாள்.

"வேலை செய்யுற இடத்துல ரொம்பச் சத்தமா?"

"இல்லைங்க."

"வேற எங்கயாவது? ஹெட்போன்? வண்டியில பாட்டு?"

மகள் தரையைப் பார்த்தாள். "எப்பவாவதுதான்" என்றாள்.

"ரெண்டு காதிலயும் மெல்லிசான, கூர்மையான சத்தம் கேக்குறது குறைஞ்சிருக்கு. ஒரு பக்கம் கொஞ்சம் அதிகம். இனிமே பெரிய சத்தத்துப் பக்கமே போகாம இருந்தா சத்தத்தால இதுக்கு மேல போகாது. போனது திரும்பி வராதும்மா. காதுக்குள்ள இருக்கிற செல்லு செத்தா மறுபடி மொளைக்காது."

டமாரத்துக்குப் பொறுக்கவில்லை.

"பாட்டுக் கேட்டு யாருக்காவது காது போகுமா? நான் இதே தொழில்ல வாழ்நாள் பூராக் கேக்குறேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

அவர் சாதாரணமாகப் பேசுவதாக நினைத்துத்தான் பேசினார். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"நீங்களும் ஒரு தடவை உக்காருங்களேன் ஐயா" என்றாள் அந்தப் பெண்.

உட்கார்ந்தார். முதலில் வந்த சத்தங்கள் கேட்டன, அழுத்தினார். பிறகு ஒன்றும் வரவில்லை. ஆனால் ஜன்னல் வழியே அந்தப் பெண்ணின் முழங்கை தெரிந்தது. சத்தம் அனுப்பும்போதெல்லாம் முழங்கை லேசாக அசைந்தது. டமாரம் லேசுப்பட்டவரா? முழங்கை அசைந்தால் அழுத்தினார். வரிசையாக, ஒன்று விடாமல் அழுத்தினார். பரீட்சையில் முதல் மாணவனைப் போல் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் மூக்கைச் சொறிந்தாள், அதற்கும் அழுத்தினார்.

அவள் எழுந்து வந்து நாற்காலியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்தாள்.

இப்போது முன்னால் பஞ்சுச் சுவர் மட்டும்தான். காத்திருந்தார். ஒன்றுமே வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"வயர் உள்ள அறுந்திருக்கும்மா. அடிக்கடி வளைஞ்சா இப்படித்தான் ஆகும். சோல்டரிங் இருந்தா குடு, நானே பத்த வச்சுத் தரேன்."

அவள் அதே ஹெட்போனை அவர் மனைவியின் காதில் மாட்டிவிட்டுப் போய், அதே சத்தத்தை அனுப்பினாள். மனைவி திடுக்கிட்டுக் கழற்றினாள்.

"ஐயோ, கீச்சுனு கத்துதே. இதையா இவருக்குக் கேக்கல?"

கம்ப்யூட்டர் திரையில் அவருடைய கோடு வந்தது. இடப்பக்கம் ஓரளவு நேராக வந்து, நடுவில் சரிய ஆரம்பித்து, கூர்மையான சத்தங்களுக்கான வலப்பக்கத்தில் படிக்கட்டில் உருண்டதுபோல் கீழே போய் விழுந்தது. அந்தப் பெண் விளக்க வாயெடுத்தாள். டமாரத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்தக் கோடு அவருக்கு நன்றாகத் தெரிந்த கோடு. இடப்பக்கம் நேராக வந்து, நடுவில் ஏற ஆரம்பித்து, வலப்பக்கம் உச்சிக்குப் போகிற குமிழ் வரிசையைத் தன் கையாலேயே வண்டி வண்டியாக வைத்திருக்கிறார். அதைத் தலைகீழாகப் போட்டால் இதுதான். இவருக்கு எவ்வளவு போனதோ அவ்வளவையும் ஊரிலுள்ள வண்டிகளில் ஏற்றி அனுப்பியிருக்கிறார், மகளின் வண்டியில் எல்லாவற்றையும்விடத் தாராளமாக.

"காதுக்குள்ள விசில் மாதிரி கேக்குதா?" என்று அந்தப் பெண் திரையைக் காட்டியபடி உரக்கக் கேட்டாள்.

"அது ஆல்டர்னேட்டர்..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். அந்த அறையில் கார் எதுவும் இல்லை. விசில் இருந்தது.

மகளின் வண்டியில் திரும்பினார்கள். மகள் ஓட்டினாள், பக்கத்தில் அவர், பின்னால் மனைவி. கடைத் தெருவின் முனை வந்தபோது மகளின் கை பழக்கத்தில் பாட்டுப் பெட்டிக்குப் போனது. அப்பாவின் முகம் வாடியிருப்பதைப் பார்த்துத்தான் கை போயிருக்க வேண்டும். "போடவாப்பா?" என்றாள். அவளுடைய வாயசைவைப் பார்த்தே அவருக்குப் புரிந்தது.  வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்ப இருந்தும்மா உனக்குக் கேக்குது, அந்த விசிலு?"

"கொஞ்ச நாளாத்தான்ப்பா."

"பஞ்சை எடுக்கச் சொல்லிக் கத்துனீங்களே" என்றாள் பின்சீட்டிலிருந்து மனைவி. "அதுக்கப்புறம்."

மனைவி என்ன சொன்னாலும் "ஆங்?" என்கிறவருக்கு, அந்த ஒன்று மட்டும் ஒரு எழுத்து பிசகாமல் கேட்டது.

மறுநாள் கடையைத் திறந்ததும் மகளின் வண்டியை உள்ளே விட்டார். டேஷ்போர்டின் நடுவிலிருந்த ட்வீட்டரைத்தான் முதலில் பிடுங்கினார். அது அவ்வளவு லேசில் வரவில்லை, நன்றாக ஒட்டியிருந்தார். பிறகு ஊஃபர் பெட்டி, ஆம்ப்ளிபயர், விரல் தடிமன் வயர் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தது. டிக்கிக்குள் மாற்று டயர் வைக்கும் பள்ளம் கண்ணில் பட்டது. அப்படி ஒன்று இருப்பதையே மறந்துபோயிருந்தார். அவர் கண் கலங்கியிருந்ததை மைத்துனன் பார்த்தான். பசை நெடியாக இருக்கும் என்று நினைத்ததுபோல் அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"மாமா, ஊருக்குள்ள ஓடுதே, மத்த வண்டிங்க?"

"வரச் சொல்லு. செட்டிங்கை இறக்கி வச்சுத் தரேன்."

வந்தார்கள். முதலில் அந்த டாக்சிக்காரரே வந்தார். டமாரம் தன் காதைப் பற்றிச் சொன்னார், மகள் காதைப் பற்றிச் சொன்னார், சத்தத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். டாக்சிக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியே போனதும் மைத்துனனின் தோளில் கை போட்டார். "மாஸ்டருக்குக் காது போயிருச்சுன்னு சொல்லிக்கிறாங்களே, நிஜமா? பாவம். இனிமே வேற கடைக்குத்தான் போகணும்." காது போய்க்கொண்டிருந்த காலமெல்லாம் அவரைக் காதுக்காகவே தேடி வந்தவர்கள், அது போய்விட்டது என்று அவரே வாய் திறந்து சொன்னதும் வேறு காது தேடிப் போனார்கள். ஒருவர்கூட வண்டியில் சத்தத்தைக் குறைக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் மட்டும் ரப்பர்ப் பட்டையைத் தடவியபடி, "என்ன மாஸ்டர், தெரு ரொம்ப அமைதியா இருக்கே, உடம்புக்கு ஏதாவதா?" என்று கவலையோடு விசாரித்தார்.

மகள் முதலில் கேட்ட இரண்டு சின்ன ஸ்பீக்கர்களை அவளுடைய வண்டியில் மாட்டினார். செட்டிங் வைக்கும் நேரம் வந்தது. வழக்கம்போல் இடுப்பிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றினார். ஒரு நிமிடம் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கடைச் சாவி இரண்டை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு, மீதிக் கொத்தைத் தராசில் போடுகிறவர்போல் கல்லாவின் மேல் வைத்தார். வேலை முடிந்து வந்திருந்த மகளிடம் அந்த இரண்டு சாவியையும் கொடுத்தார்.

"நீயே குலுக்கி நீயே வச்சுக்க. என் காதை இனிமே நம்பக் கூடாது."

அவள் குலுக்கினாள். குமிழ்களை ஒவ்வொன்றாக நடுக்கோட்டுக்குக் கொண்டு வந்தாள். பாட்டை மெல்ல ஓடவிட்டு, இன்னொரு முறை குலுக்கி, அப்பாவைப் பார்த்தாள்.

"உங்களுக்குக் கேக்குதாப்பா?"

அவளுடைய விரல்களுக்கு நடுவே இரண்டு சாவிகளும் ஒன்றையொன்று இடிப்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. இத்தனை நாளும் இந்த மாதிரிக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியும்.

"இல்லம்மா. கேக்கல" என்றார்.

அன்றைக்கு மகளோடு வீட்டுக்குப் போனார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய நாளை விட்டால், பாட்டு இல்லாத வண்டியில் அவர் உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. டயர் உருளும் சத்தம் அடியில் எங்கோ மங்கலாக இருந்தது, அதற்கு மேலே அவருடைய விசில். பக்கத்தில் மகள் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குள் ஓடும் விசில் எப்படி இருக்கும் என்று யோசித்தார். தன்னுடையதைப் போலவேதான் இருக்கும் என்று தோன்றியது.

அவர் பிறந்ததிலிருந்து எதையும் மெதுவாகச் சொன்னவர் இல்லை. மகளைக் கூப்பிடுவதானாலும் தெருவே திரும்பிப் பார்க்கும். அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் குரலை இறக்கி, அவருக்கே கேட்காத அளவுக்கு மெதுவாக, கேட்டார்.

"பாப்பா, அப்பா மேல கோவமா?"

அவர் பக்கமாக இருந்தது அவளுடைய அதிகம் போன காது. அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் லேசாக அவர் பக்கம் சாய்த்தாள்.

"ஆங்?" என்றாள்.

உரக்கக் கேட்டிருக்கலாம். எதையும் உரக்கக் கேட்கத் தெரிந்த மனிதர்தான். அந்தக் கேள்வியை மட்டும் உரக்கக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

"ஒண்ணுமில்லம்மா. ரோட்டைப் பார்த்து ஓட்டு" என்றார்.